பழைய வேடர்ஸ் வாங்கலாமா? துவைத்தால் போகும் குறையும் போகாத குறையும்

ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூண்டில் வீசுபவர்கள் போட்டுக்கொள்ளும், பாதத்திலிருந்து நெஞ்சுவரை ஒரே உடுப்பாக ஏறும் நீர்புகாக் கால்சட்டைதான் வேடர்ஸ். புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். அதனால் இன்னொருவர் போட்டுக் கழித்ததை வாங்குவோர் நிறைய. வாங்கும்போது அளவு சரியா, ஒழுகுமா என்ற இரண்டைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இதைச் சுத்தம் செய்து காய வைத்துப் பராமரிக்க நம்மால் முடியுமா என்பதை யாரும் கேட்பதில்லை. எந்த வகையை எடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியதே அந்தக் கேள்விதான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடைநாற்றம் அடிக்கும், அங்கங்கே ஊசித்துளை விழுந்த சவ்வுத்துணி வேடர்ஸ் ஒன்று. பல வருடம் பெட்டியிலேயே கிடந்து, பார்க்கப் புதிதாக மின்னும் ரப்பர் வேடர்ஸ் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நாற்றமடிப்பதைத்தான் எடுப்பேன். அழுக்கு, வாடை, ஊசித்துளை எல்லாம் வீட்டிலேயே தீரும் சங்கதிகள். ரப்பர் வெடிப்பதும், பூச்சு உரிவதும், ஒட்டு விடுவதும் தீராதவை.

மூன்று வகை, மூன்று விதமான முதுமை

சவ்வுத்துணி வகையில் வெளியே நைலானோ பாலியஸ்டரோ இருக்கும்; உள்ளே மெல்லிய உள்துணி; நடுவில், வியர்வை ஆவியை வெளியே விட்டுத் தண்ணீரை உள்ளே விடாத ஒரு சவ்வு. இதில் பேர்போனது கோர்-டெக்ஸ். 1969-இல் பாப் கோர், டெஃப்ளான் எனப்படும் அதே பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது கிடைத்த நுண்துளைச் சவ்வு அது. அந்தச் சவ்வு சுலபத்தில் மக்காது. கெடுவது அதைத் துணியோடு பிடித்திருக்கும் பசையும், தையல் மேல் ஒட்டிய டேப்பும்தான். விலை குறைந்த வகைகளில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் அந்தப் பூச்சு ஈரத்தாலேயே வேதிமாற்றம் அடைந்து பிசுபிசுத்து, கடைசியில் செதில் செதிலாக உரியும். அந்த நிலைக்கு வந்ததை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

நியோபிரீன் என்பது 1930-களின் தொடக்கத்தில் டுபான்ட் நிறுவனம் கொண்டுவந்த செயற்கை ரப்பர். வேடர்ஸில் அது 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள நுரையாக, இருபுறமும் நைலான் துணி ஒட்டி வரும். கடுங்குளிருக்கு இதற்கு ஈடில்லை. கிழிந்தாலும் ஒட்டுவது எளிது. ஆனால் வியர்வை ஆவிக்கு வெளியேற வழியே கிடையாது, உள்துணி வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயவும் நாளாகும். பழையதில் முழங்காலையும் உட்காரும் இடத்தையும் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மற்ற இடங்களைவிட மெலிந்து தட்டையாக இருந்தால், நுரைக்குள் இருந்த காற்றறைகள் நசுங்கிவிட்டன என்று பொருள். அங்கே குளிர் ஏறும். அதற்குப் பரிகாரம் கிடையாது.

மூன்றாவது, ரப்பர் அல்லது பி.வி.சி. பூசிய நைலான். சுத்தம் செய்வதில் இதை அடிக்க ஆளில்லை: ஈரத்துணியால் துடைத்தாலே சேறு போய்விடும். போட்டால் உள்ளே வெந்துபோவோம் என்பது வேறு கதை. பழையது வாங்குபவருக்கு இதில் உள்ள சிக்கல், போடாமல் வைத்திருந்தாலும் இது கிழடாகும் என்பதுதான். இயற்கை ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் மெல்ல அரிக்கும், பி.வி.சி.யை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் காலப்போக்கில் கசிந்து வெளியேறி, துணி விறைத்துவிடும். கணுக்காலில் மடியும் இடத்தை நன்றாக வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முடிமுடியாகக் கோடுகள் தெரிந்தால் அது வெடிப்பின் தொடக்கம். இன்று ஒழுகாது, நான்கு முறை உட்கார்ந்து எழுந்தால் ஒழுகும். ஒட்டுப்போட்டால் ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும்.

ஆக, குளிர் நீரிலேயே எப்போதும் நிற்பவருக்கு நியோபிரீன். குளத்தையோ படகையோ கழுவ, எப்போதாவது சேற்றில் இறங்க மட்டும் வேண்டுமென்றால் பி.வி.சி.; நடந்து நடந்து மீன் தேடுபவருக்கு சவ்வுத்துணி. பராமரிப்பில் அதிக வேலை வாங்குவது சவ்வுத்துணிதான். பழையதாக வாங்கி மீட்க முடிவதும் அதுவே.

பூட்ஸ் ஒட்டியதா, காலுறை மட்டுமா

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பலரும் கவனிப்பதில்லை. சில வேடர்ஸில் ரப்பர் பூட்ஸ் காலோடு சேர்ந்தே வரும். சிலவற்றில் பாதம் நியோபிரீன் காலுறையாக முடியும். பூட்ஸைத் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும். போட்டுக் கழற்ற முதல் வகை வசதி, சந்தேகமில்லை. ஆனால் பழையது என்றால் நான் இரண்டாவது பக்கம்தான். காலுறையை முழுதாக உள்வெளியாகத் திருப்பி, தேய்த்து, காய வைக்கலாம். ஒட்டிய பூட்ஸின் விரல் முனைக்குள் கை போகாது, காற்றும் போகாது. முன்னால் போட்டவரின் சேற்றுப்புண் பூஞ்சை அங்கேதான் தங்கியிருக்கும். ஒட்டிய வகையே கிடைத்தது என்றால், உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஈரமானதும் மாற்றி, மின்விசிறியின் முன் வாய் திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். பிறகும் உங்கள் சொந்தக் காலுறை இல்லாமல் வெறுங்காலை உள்ளே விடாதீர்கள்.

கையா, மெஷினா

வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் துவையல் கையால்தான் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உள்ளே மணலோ, பழைய தூண்டில் முள்ளோ எங்கே கிடக்கிறது என்று தெரியாது. முதலில் பைகளை எல்லாம் வெளியே இழுத்துத் தட்டுங்கள். பிறகு பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான நீரில், மணமோ மென்மையூட்டியோ கலக்காத சோப்பைக் கரைத்து, மென்மையான பிரஷால் வெளிப்புறம், பிறகு திருப்பி உள்புறம். அக்குள் பக்கத்து மேல்விளிம்பு, கால்கள் சேரும் கவட்டைத் தையல், பாதம் ஆகிய மூன்றும்தான் அழுக்கின் இருப்பிடம். மற்ற இடங்களில் அதிகம் மெனக்கெட வேண்டாம். அலசுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சோப்பு மிச்சமிருந்தால் அதுவே தண்ணீரை இழுக்கும். துவைத்தபின் துணி முன்னைவிட மோசமாக நனைகிறதே என்று புலம்புபவர்களில் பலர் அலசாதவர்கள்.

மெஷினில் போடலாமா என்பதற்கு உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டுதான் பதில். சில தயாரிப்பாளர்கள் முன்பக்கம் திறக்கும் மெஷினில் மென்மையான சுற்றுக்கு அனுமதிக்கிறார்கள். நடுவில் தண்டு சுழலும் மேல்திறப்பு மெஷினில் காலுறைத் தையல் முறுக்கிக்கொண்டு பிய்யும். எந்த மெஷினாக இருந்தாலும் வேகமாகச் சுழற்றிப் பிழியும் கட்டத்தை நிறுத்திவிடுங்கள். நீர்புகாத் துணிக்குள் தண்ணீர் மூட்டையாகச் சிக்கினால் ஒருபக்கம் பாரம் ஏறி மெஷினே ஆட்டம் காணும். நியோபிரீனுக்கும் பி.வி.சி.க்கும் மெஷின் வேண்டவே வேண்டாம். டிரை கிளீனிங், இஸ்திரி, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மூன்றும் எந்த வகைக்கும் ஆகாது.

வாடைக்கு என்ன செய்வது

வினிகர், சமையல் சோடா, வாசனை ஸ்ப்ரே, என்சைம் கரைசல் என்று நான்கு வழி சொல்வார்கள். வாசனை ஸ்ப்ரே காசுக்குப் பிடித்த கேடு. நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனை. சமையல் சோடாவைக் காய்ந்த பூட்ஸுக்குள் தூவி மறுநாள் தட்டினால் லேசான வாடை குறையும், அவ்வளவுதான். வெள்ளை வினிகரை நிறையத் தண்ணீரில் கலந்து நியோபிரீனை ஊற வைத்தால் பூஞ்சை வாடைக்கு ஓரளவு கேட்கும்.

என்சைம் கரைசல்தான் வேரில் கை வைக்கிறது. வியர்வை, தோல் துகள், மீன் சளி போன்ற கரிமக் கழிவை பாக்டீரியா தின்பதால்தான் நாற்றம் வருகிறது. என்சைம் அந்தத் தீனியையே சிதைத்துவிடுகிறது. கொதிநீரிலோ ப்ளீச்சோடோ சேர்த்தால் என்சைம் செத்துவிடும். வெதுவெதுப்பான நீரில், டப்பாவில் சொன்ன நேரம் ஊற வைத்து, காய விட்டால் போதும். இன்னொன்று: வினிகர் ஊற்றிய தொட்டியில் ப்ளீச்சை ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது விளையாட்டில்லை.

கரும்புள்ளியாகப் பூஞ்சை படிந்த கறை சில நேரம் துவைத்த பின்னும் நிற்கும். வாடை போய், துணி உறுதியாக இருந்தால் கறையை விட்டுவிடுங்கள். மீனுக்கு அது தெரியாது.

ஒழுகலா, வியர்வையா

'ஒழுகுது' என்று தள்ளிவிடப்படும் சவ்வுத்துணி வேடர்ஸில் ஒழுகாதவையும் உண்டு. வெளித்துணியின் மேல் தண்ணீரை முத்தாக உருட்டிவிடும் ஒரு பூச்சு இருக்கும், டி.டபிள்யூ.ஆர். என்பார்கள். அழுக்கும் எண்ணெயும் ஏறினால் அது வேலை செய்யாது. வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். சவ்வு இன்னும் தண்ணீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வியர்வை ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே நீர்த்துளியாகிவிடும். போட்டவருக்குத் தெரிவது ஈரம் மட்டும். வேறுபடுத்துவது எளிது: தொடை முழுக்கப் பரவலாக ஈரம் என்றால் வியர்வை, ஓர் இடத்தில் தொடங்கி அங்கிருந்து கீழே வழிந்திருந்தால் துளை.

பரவலான ஈரத்துக்கு மருந்து துவையலும் சூடும். நன்றாக அலசிக் காய்ந்த துணியில், துணிச்சீட்டு அனுமதித்தால் டிரையரில் மிகக் குறைந்த சூட்டிலோ, இல்லையென்றால் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்தோ இதமாகச் சூடு காட்டினால் சோர்ந்த பூச்சு திரும்ப எழும். நியோபிரீன் பாதத்திலும் தையல் டேப்பிலும் சூடு படக் கூடாது. அப்படியும் தண்ணீர் உருளவில்லை என்றால் புதுப் பூச்சு போட வேண்டும். துவைக்கும் நீரில் கலப்பது, மேலே தெளிப்பது என அது இரண்டு விதமாகக் கிடைக்கும். வேடர்ஸுக்குத் தெளிப்பதுதான் சரி. கலப்பது உள்துணியிலும் ஏறி, வியர்வையை உறிஞ்சும் வேலையைக் கெடுக்கும். பழைய பூச்சுகளில் பி.எஃப்.ஏ.எஸ். என்ற நிலைத்து நிற்கும் ஃபுளோரின் ரசாயனங்கள் இருந்தன. இப்போது அவை இல்லாதவை கிடைக்கின்றன. அவற்றை இன்னும் கொஞ்சம் அடிக்கடி பூச வேண்டியிருக்கும். ஆற்றில் நிற்பவர் அந்தச் சிரமத்தைப் படலாம்.

ஓரிடத்து ஈரம் என்றால் துளை தேட வேண்டும். கோர்-டெக்ஸ் வகைக்கு ஓர் அழகான வழி உண்டு. வேடர்ஸை உள்வெளியாகத் திருப்பி, வெளிச்சமான, காற்றோட்டமுள்ள, அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் விரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் புகைபோலத் தெளியுங்கள். துணி முழுக்க வெளிர்சாம்பலாக இருக்கும்போது, ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் கடுகளவு ஒரு கரும்பொட்டு பூக்கும். முழங்காலுக்குக் கீழேயும் கவட்டையிலும்தான் பெரும்பாலும் தென்படும். ஆல்கஹால் ஆவியாவதற்குள் பேனாவால் வட்டம் போட்டு, காய்ந்ததும் அதன் மேல் சிறு சொட்டு யூரித்தேன் பசையைத் தடவிவிட்டால், மறுநாள் அந்தத் துளை இல்லை. மற்ற வகைகளுக்கு இது பலிக்காது. நியோபிரீனுக்கு, மேல்வாயைச் சுருட்டிக் காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் பார்க்கலாம். ரப்பருக்கு, இருட்டறையில் உள்ளே டார்ச் விட்டால் வெளிச்சம் கசியும் இடமே துளை. முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கொடியில் தொங்கவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பாரத்தில் நல்ல தையலும் விட்டுவிடும். முழங்கால்வரை நிரப்பினால் தாங்கும்.

டேப் கிளம்பியிருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். ஓரிரு இடத்தில் முனை எழுந்திருந்தால் ஒட்டிவிடலாம். கால் நெடுகக் காய்ந்த பட்டைபோல வந்துவிட்டால், விற்பவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். துணிக்கும் சவ்வுக்கும் நடுவே குமிழ் குமிழாக உப்பியிருந்தாலும் அதே முடிவுதான்.

முன்னவரின் ஆறு உங்கள் ஆற்றுக்கு வரக் கூடாது

வேடர்ஸ் கண்ணுக்குச் சுத்தமாக இருப்பது வேறு, ஆற்றுக்குச் சுத்தமாக இருப்பது வேறு. நியூசிலாந்து சேற்று நத்தை வளர்ந்தாலே சில மி.மீ.தான், குஞ்சு மணல் அளவு. ஓட்டின் வாயை மூடிக்கொண்டு ஈரமான மடிப்புக்குள் பல நாள் உயிரோடு இருக்கும், துணையில்லாமலே பெருகும். ஒன்று போதும், ஓர் ஆறு போய்விடும். டிடிமோ என்ற பாசி 2004-இல் நியூசிலாந்தின் தென்தீவு ஆற்றில் தெரியவந்தபின், அங்கே தூண்டில்காரர்களுக்குத் தெளிவான விதிகள் வந்தன. யாருடைய ஆற்றில் நின்றது என்று தெரியாத பழைய வேடர்ஸுக்கு அவை அப்படியே பொருந்தும்.

அவற்றில் உள்ள வழிகள் இவை: 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம், அல்லது 60 டிகிரியில் 1 நிமிடம், 10 லிட்டருக்கு 500 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த 5% கரைசல்; 10 லிட்டருக்கு 200 மி.லி. வீட்டு ப்ளீச் கலந்த 2% கரைசல், உறையும்வரை ஃப்ரீசர், இல்லையென்றால் தொட்டால் ஈரம் தெரியாத அளவு காய்ந்தபின் மேலும் 48 மணி நேரம் உலரவிடுதல். இவை டிடிமோவுக்கு வகுத்தவை. நத்தைக்குச் சோப்பு நீரை நம்ப முடியாது. வெந்நீர், உறைய வைத்தல், நீண்ட உலர்வுதான். ப்ளீச் பாசியைக் கொல்லும், ஆனால் திரும்பத் திரும்பப் பட்டால் தையல் நூலையும் நியோபிரீனையும் சேர்த்தே தின்னும். 60 டிகிரி பசைக்கு ஆகாது. அதனால் சவ்வுத்துணிக்கு நான் தேர்ந்தெடுப்பது 45 டிகிரி நீரும் பொறுமையான உலர்வும். நியோபிரீன் உள்மடிப்பு தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்; இன்னும் சில நாள் கூடுதலாக விடுங்கள்.

கூடவே பழைய பூட்ஸும் வந்தால் அடியைப் பாருங்கள். கம்பளிபோன்ற ஃபெல்ட் அடி வழுக்குப்பாறையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரத்தையும் நத்தையையும் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். நியூசிலாந்து 2008-இல் ஃபெல்ட் அடியைத் தடை செய்தது. அலாஸ்காவிலும் 2012-இல் தடை வந்தது. எந்தத் துவையலும் ஃபெல்ட்டின் நடுவரை போய்ச் சேராது என்பதால், வேடர்ஸை எடுத்துக்கொண்டு ஃபெல்ட் பூட்ஸை மறுத்துவிடுவதே என் வழக்கம். ரப்பர் அடியில் உலோகக் குமிழ் பதித்த பூட்ஸ் தனியாகத் தேடிக்கொள்ளலாம்.

அதன்பின் வைத்துக்கொள்வது

கொசுமருந்தில் உள்ள டீட் சில செயற்கைத் துணிகளையும் பூச்சுகளையும் கெடுக்கும். தடவிய கையைக் கழுவிவிட்டு வேடர்ஸைத் தொடுங்கள். கடலோரக் கழிமுகத்தில் நின்றால் அன்றே நன்னீரில் அலச வேண்டும். ஜிப்புள்ள வகையில் உப்பு காய்ந்தால் ஜிப் இறுகி, அதை மாற்றும் செலவுக்கு இன்னொரு பழைய வேடர்ஸே வாங்கிவிடலாம். பெல்ட் இல்லாமல் விற்றால் ஒன்று வாங்குங்கள். தவறி விழும்போது தண்ணீர் கால்களுக்குள் பாய்வதை அதுதான் மட்டுப்படுத்தும்.

உலர்த்துவது நிழலில், கொக்கியில் தலைகீழாக: பாதங்கள் மேலே, மேல்வாய் கீழே திறந்து. பிறகு திருப்பி இன்னொரு முறை. சவ்வுத்துணியைத் தளர்வாகச் சுருட்டி வைக்கலாம். ரப்பரையும் நியோபிரீனையும் மடிக்கக் கூடாது, மடிப்பில்தான் வெடிக்கும். மோட்டார் ஓடும் அறையிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள், தீப்பொறி பறக்கும் மோட்டார்கள் ஓசோனை உண்டாக்கும். பாதி தீர்ந்த யூரித்தேன் பசைக்குழாய் அலமாரியில் கல்லாகிவிடும். மூடியை இறுக்கி, தனிப்பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த துளைக்கும் உதவும்; எடுத்ததும் அறைச்சூட்டுக்கு வரும்வரை திறக்க வேண்டாம்.